வராது என்று சத்தியம் செய்யமாட்டேன்

மண்ணுக்குள் போன பிறகும் என்னோடு வாக்குவாதத்தை நிறுத்தாத என் தம்பி சவரிமுத்துவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால், "நல்லா இருந்தா இங்க ஏன்ணே படுத்திருக்கேன்" என்பாய். உன் வருஷப் பூசை வருகிறது. மற்ற வருஷங்களைப் போல மெழுகுவர்த்தி கொளுத்தி, மாலையைப் போட்டுவிட்டுத் திரும்ப இந்த முறை மனம் ஒப்பவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

இதைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அச்சில் போடுகிறேன். நம் கோயில் பங்கு மக்கள் படிக்கட்டும். முக்கியமாக உன் மச்சான் இன்னாசி படிக்கட்டும். அவனுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. யாராவது படித்துக் காட்டுவார்கள். உன் மகள் ரோஸ்லின் முழுவதையும் பார்த்துவிட்டு, சில வரிகளை அடித்துவிட்டுத்தான் போடச் சம்மதித்தாள். அடித்ததெல்லாம் அவள் தாய்மாமனைப் பற்றிய வரிகள். இரக்கம் உன்னிடமிருந்து வந்தது. என்னிடம் அந்தச் சரக்கு இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிந்த அன்று, பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணே, இது எனக்கு எங்கேருந்து வந்துச்சு?" பீடி தொட்டதில்லை. சாராயம் தொட்டதில்லை. பள்ளிக்கூடம், கோயில், வீடு என்று மூன்று இடம்தான் உனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதில்.

அதே கேள்வியை நான் அந்த டாக்டரிடமும் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன படித்திருக்கிறேன் என்று விசாரித்தார். எட்டாவது என்றேன். "அப்ப விடுங்க, சொன்னாப் புரியாது" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நாளில் உலகத்தில் எவருக்குமே சரியாகத் தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். என் எட்டாவதை இழுத்தார் பார், அன்றுதான் நான் இந்த நோயைப் பற்றி ஒன்று விடாமல் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பக்தியில் படிக்கிறவன் உண்டு, ஆசையில் படிக்கிறவன் உண்டு. நான் வெறுப்பில் படித்தவன்.

டாக்டர் இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். மெதுவாக நகரும் வகை ரத்தப் புற்று உனக்கு. அதில் அதுதான் முறை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் இன்னாசி அதைக் கேட்டுவிட்டு, டாக்டரே கைவிரித்துவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். பிறகு தானே வைத்தியம் ஆரம்பித்தான். ரத்தத்தில் வெள்ளை அணு கூடிப்போயிற்று அல்லவா? அதனால் வெள்ளையாக இருக்கிற எதையும் உனக்குக் கொடுக்கக் கூடாது என்று தன் தங்கையான உன் சம்சாரம் லூர்துக்கு உத்தரவு போட்டான்.

இட்லி போயிற்று. பால் போயிற்று. தேங்காய்ச் சட்னி போயிற்று. தயிர் இல்லாமல் ஒரு வாய் இறங்காத உனக்குக் கேப்பைக்களியும் பீட்ரூட் பொரியலும் மாதுளம்பழமும். லூர்து என்ன செய்வாள், பயந்துபோயிருந்தாள். யார் எதைச் சொன்னாலும் செய்கிற நிலையில் இருந்தாள். நீதான் எல்லாவற்றுக்கும் சிரித்தாய். "பூசையில குடுக்குற நற்கருணை அப்பமும் வெள்ளைதானண்ணே, அதையும் நிறுத்தச் சொல்லி சாமியாருக்கு ஆள் அனுப்புவானோ?" என்றாய். கதவைச் சாத்திவிட்டு நான் தூக்குவாளியில் கொண்டுவந்த தயிர்ச்சோற்றை நீ சாப்பிட்டது ரோஸ்லினுக்கு மட்டும் தெரியும். அப்போது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு வாசலில் நின்றது அவள்தான்.

அந்த ரோஸ்லின் இப்போது நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் நடத்துகிறாள். பிரௌசிங் சென்டருக்குப் போய் எனக்கு வேண்டியதை அச்செடுத்துத் தருவாள். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆன காலமும் உண்டு. புரியாததை அவள் சொல்லித்தருவாள். சில இடங்களில் அவளுக்கும் புரியாது. புரியவில்லை பெரியப்பா என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண்ணிடம் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

இப்போது கேள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நீளமான எழுத்துச்சரம் இருக்கிறது. அது டி.என்.ஏ. அதில் வேண்டிய இடத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்புகிற சீட்டுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அந்தச் சீட்டைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. உடம்பில் ஓடியாடி வேலை செய்வது புரதம். இவ்வளவும் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். ஆனால் அந்த நீளமான சரத்தில் புரதத்துக்கான பகுதி மிகச் சொற்பம். மீதியை என்ன செய்தார்கள் தெரியுமா? குப்பை என்று பெயர் வைத்தார்கள். படித்தவர்கள் வைத்த பெயர், சவரி. தனக்கு விளங்காததைக் குப்பை என்று சொல்ல அவ்வளவு படிப்பு எதற்கு? அதை இன்னாசியே செய்வானே.

உனக்கு வந்த நோய் வந்தவர்களில் பலருக்குப் பதின்மூன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் ஏதோ ஒரு முக்கியமான புரதத்துக்கான ஜீன் இருந்திருக்க வேண்டும், அதைத் தொலைத்ததால்தான் நோய் என்று வருஷக்கணக்கில் தேடினார்கள். குற்றவாளி என்று கை காட்ட அப்படி ஒரு ஜீன் சிக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அவர்கள் குப்பை என்று தள்ளிய இடத்தில் இரண்டு துக்கடா ஆர்.என்.ஏ. இருந்திருக்கிறது. இருபது சொச்சம் எழுத்துதான் ஒவ்வொன்றும். அவற்றை வைத்து எந்தப் புரதமும் செய்வதில்லை. அவை செய்வது வேறு வேலை. மற்றச் சீட்டுகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, போதும் நிறுத்து என்று சொல்கிற வேலை.

இதைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். திண்டுக்கல்லுக்கும் நிலக்கோட்டைக்கும் நடுவில் காலம் பூராவும் கண்டக்டராக ஓடியவன் நான். பஸ்ஸை ஓட்டியது நான் இல்லை. டீக்கடையில் முதல் கிளாஸ் டிரைவருக்குத்தான் வரும். ஆனால் என் விசில் இல்லாமல் ஒரு ஆள் இறங்க முடியுமா? உடம்பில் ஒவ்வொரு வெள்ளை அணுவுக்கும் இறங்கிப் போகிற நேரம் ஒன்று உண்டு. இறங்காதே, இரு, என்று அதைப் பிடித்து வைக்கிற புரதமும் ஒன்று உண்டு. அந்தப் புரதத்தை அடக்கி வைப்பது இந்தத் துக்கடா ஆர்.என்.ஏ.க்கள். இவை தொலைந்தால் அந்தப் புரதம் பெருகிவிடும். பிறகு இறங்க வேண்டியவன் இறங்கமாட்டான். ஏறுகிறவன் ஏறிக்கொண்டே இருப்பான். உன் கழுத்தில் கட்டி கட்டியாக வந்ததே, அது அந்த நெரிசல்தான்.

உன் ரத்தத்தை யாரும் அவ்வளவு தூரம் சோதித்துப் பார்த்ததில்லை. அந்த வசதி அப்போது இல்லை. அதனால் உனக்கும் நடந்தது இதுவேதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பலருக்கு நடந்தது இது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன். நீ தின்ற எதனாலும் வரவில்லை. நீ செய்த பாவத்தால் வரவில்லை. ஜெபக்கூட்டத்தில் உன்னை நடுவில் உட்கார வைத்து, மறைத்த பாவத்தை அறிக்கையிடச் சொன்னார்களே, அவர்கள் வாயை இப்போது கொண்டுவரச் சொல்.

இனி வீட்டு விஷயம். ரோஸ்லினுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகைத் தோட்டக்காரர்கள், நம் வேதக்காரர்கள். மாப்பிள்ளை ஜெரால்டு, அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. நிச்சயம் முடிந்து கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், ரொம்ப நெருங்கிய ரத்த உறவு, இப்படிப்பட்ட தடைகளுக்காக வைத்த ஏற்பாடு. முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். அன்று மத்தியானமே இன்னாசி சாமியார் வீட்டுக்குப் போய் விக்கினம் சொல்லியிருக்கிறான். பெண்ணின் அப்பன் ரத்தப் புற்றில் செத்தவன், ரத்தத்தில் ஓடுகிற நோய், மறைத்துக் கட்டிவைக்கிறார்கள் என்று.

சாமியார் சிரித்துவிட்டு, இது திருச்சபைச் சட்டத்தில் விக்கினமே கிடையாது என்று அனுப்பிவிட்டார். ஆனால் அவன் அங்கிருந்து நேரே நிலக்கோட்டை பஸ் ஏறிவிட்டான். கடமை உணர்ச்சி.

ஏன் இப்படிச் செய்தான்? தன் மகன் அல்போன்சுக்கு ரோஸ்லினைக் கேட்டான், அவள் மாட்டேன் என்றுவிட்டாள். மாமன் மகனைக் கட்ட வேண்டுமானால் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், தனி அனுமதி வாங்க வேண்டும். அந்த உறவுதான் சட்டப்படி உண்மையான விக்கினம். அந்த விக்கினத்தை மடியில் வைத்துக்கொண்டு இவன் அடுத்தவன் கல்யாணத்துக்கு விக்கினம் சொல்லப் போகிறான். இதில் கெட்ட ரத்தம் எது என்று நீயே சொல்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பூ ஏற்றுகிற வேனில் உன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். ஜெரால்டின் அப்பா மைக்கேல், அவர் சம்சாரம், பெரியவர்கள் இரண்டு பேர், ஜெரால்டு. இன்னாசியும் தாய்மாமன் என்ற ஹோதாவில் வந்து உட்கார்ந்து காராசேவைக் கொறித்துக்கொண்டிருந்தான். மைக்கேல் தங்கமான மனுஷர் என்று லூர்து சொல்வாள். அவர் மேசையிலிருந்து உன் பைபிளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒங்க தம்பி எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எங்களுக்குத் தெரியும் சம்மந்தி. பொண்ணு மேலயும் ஒரு குறையும் இல்ல. நாலு பேரு நாலு விதமாச் சொல்றாக. நீங்க மூத்தவுக, இம்புட்டுப் படிச்சிருக்கீக. இதுல கைய வச்சு, பிள்ளைக்கும் பேரம்பேத்திக்கும் இது வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க நிம்மதியாப் போயிருவோம்."

என் நிலைமையைப் பார், சவரி. இது பெரும்பாலும் பிறந்த பிறகு, ஒரு ஆளின் ஒரு செல்லில் நடக்கிற சேதம். அது பிள்ளைக்குப் போகாது. இது உண்மை. ஆனால் மிகச் சிலரிடம் அந்தத் துக்கடா ஆர்.என்.ஏ. இருக்கிற இடத்து மாற்றம் பிறவியிலேயே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். இந்த வகை நோய் சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதும் உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்திலும் அநேகம் பேருக்கு வருவதே இல்லை. இதுவும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை முதலில் படித்தது ரோஸ்லின். தாளை என் கையில் கொடுத்து, படித்துவிட்டு மறைக்காதீர்கள் பெரியப்பா என்று சொன்னவள் அவள்.

நான் விளக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் வராது என்றேன். பெரும்பாலும் என்றால் என்ன அர்த்தம் என்றார் ஒரு பெரியவர். அதற்கு மேல் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றேன். மைக்கேல் கையை உயர்த்தினார்.

"நான் விஞ்ஞானம் கேக்க வரல சம்மந்தி. வருமா, வராதா? அம்புட்டுத்தேன்."

அடுப்படி வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தாள். கையை வையுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை. அநேகமாக உண்மையாகவே ஆகியிருக்கக்கூடிய ஒரு வார்த்தை.

"வரும்னு சொல்லமாட்டேன்" என்றேன். "வராதுன்னு சத்தியமும் பண்ணமாட்டேன். வேணும்னா ஒண்ணு செய்வோம். ஒங்க வீட்டுல பேரம்பேத்திக்குச் சர்க்கரை வராதுன்னு நீங்க மொதல்ல கைய வைங்க. பெறகு நான் வைக்கிறேன்."

அவர் கால் பெருவிரலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அறையிலிருந்த அத்தனை பேரும் அந்தக் கட்டைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை இறக்கி அதை மூடினார். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுநாள் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

நீயாக இருந்தால் கையை வைத்திருப்பாயா? யோசித்துச் சொல்.

அவர்கள் எழுந்து போன அன்று சாயங்காலமே இன்னாசி திரும்பி வந்தான். வெளியே போய் ஏன் அசிங்கப்பட வேண்டும், நம் அல்போன்சு இருக்கிறானே என்றான். ஊருக்கெல்லாம் கெட்டுப்போன ரத்தம் அவன் வீட்டுக்கு மட்டும் பரிசுத்தமாகிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் லூர்து விளக்குமாற்றை எடுத்து அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். கால் மேல் பட்டும் நிறுத்தவில்லை. உன் சம்சாரத்தை நான் முழுசாக மெச்சியது அன்றுதான். ஆனால் அவள் என்னையும் விடவில்லை. "சாமியே மன்னிச்சிருக்கும் ஒரு பொய்ய. ஒங்களால சொல்ல முடியல. இந்தப் பிடிவாதந்தான் அத்தான் ஒங்க ரத்தத்துல ஓடுற வியாதி" என்றாள். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோறு மட்டும் கொடுத்தனுப்புகிறாள். அதில் உப்பு இருப்பதில்லை.

சில வாரம் கழித்து ஜெரால்டு தனியாக வந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வந்திருந்தான். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தான். பிறகு சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. அப்பாவுக்காகத்தான். மதுரையில பெரிய டாக்டரப் பாத்தோம், வரவே வராதுன்னுட்டாருன்னு சொல்லிருவோம். நானும் கூட இருந்தேன்னு சொல்லிர்றேன். ஒரு பொய்தான?"

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். ரோஸ்லின் என் தோளில் கை வைத்தாள். "செத்த சும்மா இருங்க பெரியப்பா."

பிறகு அவனிடம் கேட்டாள். குரலே உயரவில்லை. "நாளைக்கு எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சா, ஒங்க அப்பாவுக்குத் தெரியாம நான் எங்க போயிப் படுக்க?"

அவன் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தான்.

"ஒரு பொய்னு சொல்றீக. உங்களுக்கு ஒரு பொய். நான் அந்த வீட்டுல இருக்குற நாள் பூராம் சொல்லணும். ரத்தச் சோதனைக்குப் போனா ஒரு பொய். கழுத்துல நெறி கட்டுனா ஒரு பொய். பிள்ளை பெறந்தா அதுக்கும் சொல்லிக்குடுக்கணும்."

அவன் காப்பியைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. நல்ல பையன். நல்ல பையன்களைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. இன்னாசிகளாவது கெட்ட எண்ணத்தோடு கெடுக்கிறார்கள்.

அவள் அழுதாளா என்று கேட்பாய். அழுதாள். எனக்குத் தெரியாமல் அழுதாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு அவளை மெச்சி நான் நாலு வார்த்தை சொல்லப் போனேன். நிறுத்திவிட்டாள். "நீங்க சத்தியம் பண்ணாதது சரிதான் பெரியப்பா. ஆனா அன்னைக்குக் கேட்டது என்னைப் பத்தி. நான் அங்கேயேதான் இருந்தேன். நீங்க என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

பார்த்திருந்தாலும் நீ இதே பதிலைத்தானே சொல்லியிருப்பாய் என்றேன்.

"ஆமா. என் வாயால சொல்லிருப்பேன். அவரு கால் கட்டப் பத்திப் பேசாமச் சொல்லிருப்பேன்."

நான் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. மைக்கேலின் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் திருப்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதும் என்னை விடமாட்டேன் என்கிறது. உன் இடத்தில் நின்று பேசுகிறேன் என்று நினைத்தேன். நின்றது அவள் இடத்தில் என்கிறாள்.

அடுத்த மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருகிறது. காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே தானே எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாளாம். அப்பாவுக்கு என்ன வந்தது, தனக்கு வர என்ன வாய்ப்பு, எதுவரை தெரியும், எங்கே தெரியாது என்று. பள்ளிக்கூடத்தில் நடத்துகிற மாதிரி கரும்பலகை வைக்கவா என்று கேட்டேன். முறைத்தாள். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும் என்கிறாள். உட்கார்ந்திருக்கிறவர்கள் இருந்தால் பார்க்கலாம்.

அன்று நான் அவள் பக்கத்தில் உட்காருவேன், சவரி. வருகிறவர்களில் எத்தனை மடையன் இருந்தாலும், எவ்வளவு கேவலமாகக் கேட்டாலும், அவள் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியோடு வருகிற,
உன் அண்ணன்
அந்தோணிசாமி